சம்பந்திக்குத் தபாலில் பத்திரிகை

காரைக்குடியில் ஒரு கல்யாண வீடு. வளவில் பாயை விரித்து அப்பத்தா ஊர் சொல்ல, பேரன் லேப்டாப்பில் முகவரிச் சீட்டு எடுக்கிறான். "கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர், தேவகோட்டை. இன்னைக்கு இந்த நாலு ஊரு மட்டும் எடுப்பா."

டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்கியூஎல் கேள்வியில் 'இன்' என்றால் 'இந்தப் பட்டியலில் இருப்பது', கேள்விக்குறி என்றால் மதிப்பு வந்து உட்காரும் இடம். நாலு ஊரையும் கமா போட்டு ஒரே சரமாக்கி, அதாவது ஒரே எழுத்துத் தொடராக்கி, 'இன் (?)' என்று ஒற்றைக் கேள்விக்குறிக்குள் தள்ளினான். பூஜ்யம் வரி. டேட்டாபேஸ் தேடியது "கோட்டையூர்,பள்ளத்தூர்,கண்டனூர்,தேவகோட்டை" என்ற நீளப் பெயருள்ள ஒரே ஊரை. சிவகங்கை மாவட்டத்தில் அப்படி ஊர் ஏது? நாலு மதிப்புக்கு நாலு கேள்விக்குறி வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸாக இருந்தால் '= எனி' போட்டு, பட்டியலை அர்ரேயாக, அதாவது மதிப்புகளின் வரிசையாக, ஒரே மூச்சில் கொடுக்கலாம். இவனிடம் இருந்தது மைஎஸ்கியூஎல் என்ற வேறொரு டேட்டாபேஸ். அதில் ஃபைண்ட்_இன்_செட் என்ற ஃபங்ஷன் கமா சரத்தையும் ஏற்கும். ஆனால் தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸைத் தொடாமல் எல்லா வரியையும் புரட்டும்.

பையனுக்குப் பொறுமையில்லை, ஊர்ப் பெயரைக் கையாலேயே அடித்தான். முதல் இரண்டுக்கும் நடுவே கமா விட்டுப்போச்சு. மைஎஸ்கியூஎல் பிழை சொல்லவில்லை. அடுத்தடுத்த இரண்டு சரத்தையும் ஒட்டி 'கோட்டையூர்பள்ளத்தூர்' ஆக்கிவிட்டது. பள்ளத்தூர்ப் பங்காளிகள் காதுக்குப் போயிருந்தால் கல்யாணமே நின்றிருக்கும்.

கமா போட்டதும் நாலு ஊரும் வந்தன. அடுத்த உத்தரவு: "நேர்ல அழைச்சவங்களை விட்டுருப்பா." அழைத்தவர் டேபிளில் இருக்கும் புள்ளி (குடும்ப) எண்களை எடுக்கும் ஓர் உள்கேள்வியை 'நாட் இன்' ('இந்தப் பட்டியலில் இல்லாதது') உள்ளே கொடுத்தான். மறுபடி பூஜ்யம்.

"எல்லாரையும் அழைச்சாச்சா? நல்லதாப் போச்சு!"

அழைத்தவர் டேபிளில் ஒரு வரியில் எண் காலி, அதாவது நல். 214ஆம் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 101 இல்லை, 157 இல்லை, அடுத்தது 'தெரியாதது'. 214 அதுவாகவும் இருக்கலாமே! ஆக விடை 'தெரியாது'. வரிகளை வடிகட்டும் 'வேர்' (where) நிபந்தனையோ 'உண்மை' என்று வந்தால்தான் வரியை உள்ளே விடும். அதனால் ஒரே ஒரு நல் ஊரையே வாசலில் நிறுத்திவிடும். 'இன்' பட்டியலில் நல் இருந்தால் பொருந்தும் வரிகள் எப்போதும்போல் வந்துவிடும். அதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

'நாட் இன்'னைத் தூக்கிவிட்டு, புள்ளி எண்ணை எண்ணோடு பொருத்திப் பார்த்து, பொருந்தும் வரி இல்லாதவர்களை மட்டும் எடுக்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போட்டதும் சீட்டுகள் சரசரவென்று வந்தன. நல் எதோடும் பொருந்தாது, ஆகவே யாரையும் மறிக்காது. பழைய 'நாட் இன்' உள்கேள்வியில் 'ஈஸ் நாட் நல்' ('காலி இல்லாதது மட்டும்') சேர்த்திருந்தாலும் இதே பலன்தான்.

அந்தக் காலி எண்? அப்பத்தா நோட்டில் முதல் ஆளாக எழுதி, "மாப்பிள்ளை வீட்டுக்கு எதுக்குப்பா நம்பரு?" என்று விட்ட வரி. முகவரி டேபிளில் அவர்களுக்கு எண் உண்டு. அழைத்தவர் டேபிளில் இல்லை. எக்ஸிஸ்ட்ஸுக்கு அவர்கள் இன்னும் அழைக்காதவர்கள்.

கண்டனூர்க் கட்டைப் புரட்டிய அப்பத்தா மூன்றாவது சீட்டில் நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, சம்பந்திக்குத் தபால்லயா பத்திரிகை?"