துல்முல்லாவில் நீரின் நிறம்

கீர் பவானி அம்மனின் ஊற்றில் இன்று நீர் என்ன நிறம் என்பதுதான், காஷ்மீரப் பள்ளத்தாக்கில் இருக்கும் துல்முல்லாவுக்கு வந்து சேரும் காஷ்மீரப் பண்டிதர்கள் தங்களுக்கு முன்பே வந்தவர்களிடம் கேட்கும் முதல் கேள்வி. வெண்மையும் இளம்பச்சையும் இளஞ்சிவப்பும் தேவியின் மனம் குளிர்ந்திருப்பதற்கு அடையாளம் என்றும், நீர் கறுத்தால் நாட்டுக்குத் துன்பம் வரும் என்றும் தலைமுறைகளாக நம்பி வருகிறார்கள். 1990-இல் வீடு வாசலை விட்டுப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற நேர்ந்தபோது ஊற்று கறுத்திருந்தது என்று இன்றும் கலங்கிய குரலில் சொல்கிறார்கள். 2024 ஜூன் 14 அன்று ஜேஷ்ட அஷ்டமி விழாவுக்காக நான் அங்கே சென்றபோது, அந்த நிறத்தைப் பிழையின்றிப் படம் பிடித்துவர வேண்டும் என்ற ஆசை, தரிசன ஆசைக்கு இணையாக எனக்குள் இருந்தது.

முந்தைய நாள் விடியலில் மானஸ்பல் ஏரிக்குப் போயிருந்தேன். மானசரோவரை நினைவூட்டும் பெயர் கொண்ட அந்த ஏரி, பெரும்பாலும் தன் அடியில் சுரக்கும் ஊற்றுகளாலேயே நிறைகிறது. காஷ்மீரில் மே மாத நடுவில்தான் கோடை பிறக்கிறது. தாமரைகள் மலர ஜூலை ஆகிவிடும். அன்று நீரெங்கும் இலைகள் மட்டுமே விரிந்து கிடந்தன. அந்த இலைகளின் மேல் நீளவால் இலைக்கோழி ஒன்று, தன் மெலிந்த நெடிய விரல்களை அகல விரித்து, நீர் தொடாமல் நடந்து சென்றது. இந்தப் பறவையில் பெண் முட்டையிட்டதும் விலகிவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு. எனவே படகை நெருங்கவிடாமல் தொலைவிலேயே நிறுத்தச் சொல்லி, இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். பிடரியின் பொன்னிறத்தில் வெயில் விழுந்த கணத்தில் கிடைத்த ஒரே படம் போதுமானதாக இருந்தது.

துல்முல்லா என்ற பெயரில் இருக்கும் துல் என்பது காஷ்மீரியில் முசுக்கட்டையை, அதாவது மல்பெரியை, குறிக்கும் சொல். இராவணன் இலங்கையில் வழிபட்டு வந்த ராக்ஞா தேவி, அவனுடைய தீய நடத்தையால் வெறுப்புற்று, தன்னை வடக்கே கொண்டுபோய்ச் சேர்க்குமாறு அனுமனுக்குக் கட்டளையிட, அவர் தேவியை 360 நாகங்களுடன் இந்தச் சதுப்பு நிலத்தில் எழுந்தருளச் செய்தார் என்பது தல புராணம். ஊற்றின் நடுவே இப்போது நாம் காணும் சிறிய பளிங்குக் கோயில், மகாராஜா பிரதாப் சிங் காலத்தில் 1912-இல் எழுப்பப்பட்டது. புலால் உண்டவர்கள் இந்த வளாகத்துக்குள் நுழைவதில்லை. சுற்றுவட்டாரத்து முஸ்லிம்களும் இந்த நியமத்தை மதிக்கிறார்கள். வாசலில் பூவும் விளக்கும் பாலும் தருகிறவர்களும் அவர்களே. சினார் மரக்கிளையில் மாங்குயில் ஒன்று கூவிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் நம் ஊர்த் தோப்புகளுக்கு விருந்தாளியாக வருகிற மாங்குயில்தான்; அதன் கூடும் குஞ்சும் இந்த வடபுலத்துக் கோடைக்கு உரியவை என்பதை அன்றுதான் நேரில் கண்டேன். போஷ்நூல் என்று இங்கே அதைச் செல்லமாக அழைக்கிறார்கள்.

ஊற்றின் கரையில் அமர்ந்து படம் எடுக்கத் தொடங்கியதும் தடுமாறிப் போனேன். சினார் இலைகளின் ஊடே வடிந்து இறங்கும் வெளிச்சமே பச்சையாக இருந்தது; இலைகளுக்கு இடையே தெரிந்த வானம் நீரின் மேல் நீலம் பூசியது; காலையிலிருந்து பக்தர்கள் சொரிந்த பால் ஆங்காங்கே மேகம் போல் மிதந்தது. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறங்களைச் சரிசெய்யும் கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அதே நீரைச் சாம்பல் நிறமாகக் காட்டியது. பகல் வெளிச்ச அமைப்பில் பச்சையாகவும், நிழல் அமைப்பில் மஞ்சள் படிந்ததாகவும் வந்தது. போலரைசரைத் திருப்பி வானத்தின் பளபளப்பைக் குறைத்த பிறகும் குழப்பம் தீரவில்லை.

அருகில் எவர்சில்வர் தூக்கில் பாலுடன் அமர்ந்திருந்த முதிய பண்டிதப் பெண்மணி, திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "இவை எல்லாம் ஒரே நீரா, பேட்டா?" என்று இந்தியில் கேட்டார். வெண்மை எது என்று கேமராவுக்கு யாராவது காட்டிக் கொடுத்தால்தான் மற்ற நிறங்களை அது சரியாகச் சொல்லும் என்று விளக்கினேன். அவர் சற்று யோசித்துவிட்டுத் தூக்கின் மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். நிவேதனத்துக்கான பாலை நோக்கி லென்ஸைத் திருப்பத் தயங்கினேன். "எடுத்துக்கொள், அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள்" என்றார். அதே மரநிழலில், அதே வெளிச்சத்தில், தூக்கு நிறையத் ததும்பிய அந்தப் பாலை வெண்மைக்கு அளவாக வைத்து ஒயிட் பேலன்ஸைக் குறித்துக்கொண்டு மீண்டும் நீரைப் படம் எடுத்தேன். பால் கலந்த இளம்பச்சை, கண்ணுக்குத் தெரிந்தபடியே வந்தது.

சுவாமி விவேகானந்தர் 1898-இல் இங்கே தனித்துத் தங்கி, நாள்தோறும் பாற்சோறு படைத்து வழிபட்டார். இடிந்து கிடந்த கோயிலைப் பார்த்து, இது இடிக்கப்பட்ட காலத்தில் நான் இருந்திருந்தால் இதைக் காத்திருப்பேனே என்று அவர் வருந்தியபோது, நீ என்னைக் காக்கிறாயா, நான் உன்னைக் காக்கிறேனா என்ற தாயின் குரல் அவருக்குக் கேட்டதாகச் சொல்வார்கள். கரையில் அமர்ந்திருந்த அந்த ஒரு மணி நேரமும் எனக்கு அந்தக் கேள்வியே நினைவில் இருந்தது. நிறத்தைக் காப்பாற்றிக் கொண்டுபோக வந்த எனக்கு, அதைக் காட்டிக் கொடுத்தது அவளுக்கென்று வந்த பால்தான்.

பெண்மணி எழுந்து, கைப்பிடிக் கம்பிக்கு மேலாகத் தூக்கைச் சாய்த்தார். மிதந்துகொண்டிருந்த ரோஜா இதழ்கள் விலக, வெள்ளைக் கயிறு போல் பால் இறங்கி, ஒரு முழ ஆழத்தில் பிரிந்து, புகையாகப் பரவியது. நடக்க முடியாததால் ஜம்முவிலேயே தங்கிவிட்ட தம் தமக்கைக்கு அந்தப் படத்தை அனுப்ப முடியுமா என்று கேட்டுத் தம் கைப்பேசியை என்னிடம் தந்தார். நான் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு வந்தது. படம் போய்ச் சேர்வதற்கு முன்பே மறுமுனையில் அந்த முதல் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது. அவர் கைப்பேசியை என் காதருகே வைத்து, "நீயே சொல்" என்றார்.