60 வாற்று அம்பிளிபயரிலிருந்து 6 வாற்று: காரில் சத்தம் போதாமல் இருந்ததைச் சரிசெய்த அனுபவம்

2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, கொழும்பில் பலரைப் போல நானும் இருக்கிற காரையே பேணிப் பாவிப்பது என்று முடிவு செய்தேன். அந்த முடிவின் ஒரு பகுதியாக எனது பழைய டொயோட்டா அக்சியோவின் முன்கதவுகளில் ஆறரை அங்குல ஸ்பீக்கர்களையும், 4 ஓம் தடையில் ஒரு சானலுக்கு 60 வாற்று தரக்கூடிய நாலு சானல் அம்பிளிபயரையும் ஒரு கடையில் பூட்டுவித்தேன். ஆனால் காலி வீதியில் கண்ணாடிகளை மூடி ஏசியைப் போட்டுக்கொண்டு ஓடும்போது, காரின் ரேடியோ செட்டின் சத்தத்தை அதன் கடைசி எல்லைவரை ஏற்றினாலும் நாதஸ்வரம் மட்டும் கீச்சென்று மேலே நின்றது. அதற்குக் கீழே தவில் இருந்த இடமே தெரியவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது, அம்பிளிபயரின் வலு போதாது, 120 வாற்று ஒன்றை வாங்கிப் பூட்டுங்கள் என்றார்கள்.

இந்த ஆலோசனையை எல்லா இடங்களிலும் சொல்கிறார்கள்; பெரும்பாலும் அது பணத்தை வீணாக்கும் ஆலோசனை. வலுவை இரண்டு மடங்காக்கினால் ஒலிமட்டம் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்குச் சத்தம் இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வலு வேண்டும். 60 வாற்றில் முணுமுணுக்கும் ஸ்பீக்கர் 120 வாற்றில் சற்றே உரத்து முணுமுணுக்கும், அவ்வளவுதான். ஆகவே காசைச் செலவழிக்குமுன், கொட்டாஞ்சேனையில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி பூட்டுகிற, எனக்கு நன்கு தெரிந்த ஓர் அண்ணையிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் பாட்டுப் போடச் சொல்லவே இல்லை. “தம்பி, முதல்ல மீற்றரை எடும். அம்ப் எவ்வளவு குடுக்குதெண்டு தெரியாமல் அதைக் குறை சொல்லக்கூடாது” என்றார்.

அவர் செய்த சோதனையை விரிவாகச் சொல்வது பயன்படும், ஏனெனில் ஒரு சாதாரண மல்ரிமீற்றர் இருந்தால் எவரும் இதைச் செய்யலாம். வலுவைத் தடையால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், அம்பிளிபயரின் வெளியீட்டில் இருக்கவேண்டிய வோல்ற்று கிடைக்கும். 60 வாற்று, 4 ஓம் என்றால் அது ஏறக்குறைய 15.5 வோல்ற்று. ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றி, செட்டில் பாஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாவற்றையும் நடுநிலைக்குக் கொண்டுவந்து, அம்பிளிபயரில் பாஸ் பூஸ்டை நிறுத்தி, முழு மட்டத்தில் பதிவான 400 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியை ஒலிக்கவிட்டு, செட்டின் சத்தத்தை முக்கால் பங்கு ஏற்றினோம். 1000 ஹேர்ட்ஸுக்குப் பதிலாக 400 ஹேர்ட்ஸை அவர் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு: மலிவான மீற்றர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸை அளக்கவென்று செய்யப்பட்டவை, உயர்ந்த அதிர்வெண்களில் அவை குறைத்துக் காட்டக்கூடும்.

மீற்றரின் முனைகளை ஸ்பீக்கர் வயர் பூட்டும் இடத்தில் வைத்தபோது இலக்கம் 5 வோல்ற்றை ஒட்டி நின்றது. அதை வர்க்கித்து 4 ஆல் வகுத்தால் 6 வாற்றுச் சொச்சம். காரணம் அம்பிளிபயரின் கெய்ன் திருகியில் இருந்தது. அதன் ஒரு முனையில் 6 வோல்ற்று என்றும் மறுமுனையில் 0.2 வோல்ற்று என்றும் பொறித்திருந்தது. கடைக்காரர் அதை 6 இல் விட்டிருந்தார். எனது செட்டிலிருந்து அம்பிளிபயருக்குப் போகும் ஆர்சிஏ வெளியீடு 2 வோல்ற்று மட்டுமே. 6 வோல்ற்றை எதிர்பார்த்திருக்கும் அம்பிளிபயருக்கு 2 வோல்ற்றைக் கொடுத்தால் அது தன் வலுவில் ஒன்பதில் ஒரு பங்கைத்தான் வெளியிடும். கெய்ன் என்பது சத்தத்தைக் கூட்டும் திருகி அல்ல, செட் தரும் வோல்ற்றுக்கு அம்பிளிபயரைப் பொருத்தும் திருகி என்று சொல்லிக்கொண்டே அண்ணை சிறிய திருப்புளியால் அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். 2 என்ற குறிக்குச் சற்று மேலே மீற்றர் 15 ஐத் தொட்டதும் நிறுத்திவிட்டார். அதற்கு மேல் திருப்பினால் ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். கூடுதல் சத்தம் போலத் தோன்றும் அந்தக் கரகரப்புத்தான் உச்ச ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டரின் சுருளைச் சூடாக்கி எரிக்கிறது. புதிய அம்பிளிபயர் 3 டெசிபெல் தந்திருக்கும். ஒரு சதமும் செலவில்லாத இந்தத் திருகல் ஒன்பது டெசிபெல்லுக்கு மேல் தந்தது.

சத்தம் வந்துவிட்டது, தவில் மட்டும் வரவில்லை. தவிலின் வலது முகமான வலந்தலையில் விரல்கள் விழுவது கேட்டது, இடது முகமான தொப்பியில் கோல் விழும் ஆழ்ந்த ஒலி கேட்கவில்லை. இடது, வலது ஸ்பீக்கர்களில் ஒன்றின் வயர் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தால் ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அம்பிளிபயரிலிருந்து கழற்றிய வயர்களின் நுனியில் 1.5 வோல்ற்று பற்றரி ஒன்றை ஒரு கணம் தொட்டுப் பார்த்தோம். நேர்முனை நேர்முனையோடு சேர்ந்தால் கூம்பு வெளியே துள்ள வேண்டும். இடது கதவில் துள்ளியது. வலது கதவில் உள்ளே அமுங்கியது. வயரை மாற்றிப் பூட்டியதும் தவில் டாஷ்போர்டுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது.

கதவு வேலை அதைவிடச் சிரமமானது. கதவின் உட்தகட்டில் உள்ள பெரிய துளைகளைத் தொழிற்சாலையில் மெல்லிய பொலித்தீன் தாளால் மூடியிருக்கிறார்கள். ஸ்பீக்கரின் பின்புறத்து ஒலி அதன் வழியாகக் கசிந்து முன்புறத்து ஒலியைக் கெடுக்கிறது. பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஒட்டும் ரப்பர் தாளான பியூட்டைல் ஷீற்றால் அந்தத் துளைகளை அடைத்து, ஸ்பீக்கரைச் சுற்றி ஃபோம் வளையம் ஒட்டினேன். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது. நமது மழைக்குக் கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் தண்ணீர் அவற்றால்தான் வெளியேறுகிறது, அடைத்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். இதோடு அம்பிளிபயரில், குறித்த அளவுக்குக் கீழுள்ள ஆழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹை பாஸ் வடிகட்டியை 80 ஹேர்ட்ஸில் வைத்தோம். ஆறரை அங்குலக் கூம்பு தன்னால் முடியாத ஆழ்ந்த ஒலிக்காக அலைக்கழியாதபோது, மீதி எல்லாவற்றையும் தெளிவாக இன்னும் உரக்கத் தருகிறது.

கார் பற்றரியிலிருந்து அம்பிளிபயருக்கு வரும் மின் வயரைப் பொறுத்தவரை, கடையில் போட்டது செம்பு பூசிய அலுமினியம். என்ஜின் ஓடும்போது பற்றரியில் 14.1 வோல்ற்று, உரத்த சத்தத்தில் அம்பிளிபயரில் 12.9. இதனால் போவது ஒரு டெசிபெல்லுக்கும் குறைவு என்பதால் சத்தத்துக்காக இதை மாற்றத் தேவையில்லை. மெல்லிய வயர் சூடேறும் என்பதற்காகவே முழுச் செம்பு வயருக்கு மாற்றி, பியூஸைப் பற்றரிக்கு அருகே கொண்டுவந்தேன்.

இனி ஸ்பீக்கர் வாங்குபவர்கள் வாற்றைப் பார்ப்பதற்கு முன் உணர்திறனை, அதாவது கொடுக்கும் வலுவுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. 88 க்கும் 92 டெசிபெல்லுக்கும் உள்ள இடைவெளி இரண்டரை மடங்கு வலுவுக்குச் சமம். அந்த அளவு 1 வாற்றில் எடுக்கப்பட்டதா, 2.83 வோல்ற்றிலா என்றும் பெட்டியில் கவனியுங்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ற்று 2 வாற்றாகிவிடுவதால் அந்த இலக்கத்தில் 3 டெசிபெல்லைக் கழித்தே ஒப்பிட வேண்டும்.

இப்போது காலி வீதி நெரிசலில் செட்டின் சத்தத்தைப் பாதிக்குமேல் நான் ஏற்றுவதில்லை. முக்கால் பங்கைத் தாண்ட வேண்டாம் என்று காரை எடுத்து ஓடும் என் மகனுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், ஏனெனில் கெய்ன் அந்த எல்லைக்குத்தான் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது.