ரூட் கெனாலுக்கு, அதாவது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துக் கழுவி அடைக்கும் சிகிச்சைக்குப் போகிறீர்களா?

எக்ஸ்ரே எடுக்காமல் ட்ரில்லைக் கையில் எடுக்கும் டாக்டரிடம் வாயைத் திறக்காதீர்கள். வேர் எத்தனை, எப்படி வளைந்திருக்கிறது, நுனியில் சீழ் இருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும். மேல்வரிசை முதல் கடைவாய்ப் பல்லில் நரம்பு ஓடும் கால்வாய்கள் பெரும்பாலும் 4 இருக்கும். நான்காவது மயிரிழை மாதிரி. அது கண்ணில் படாமல் போனால், மூடிய பல் பிறகு மறுபடி வலி கொடுக்கலாம்.

பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுகிறார்களா என்று பாருங்கள். "தேவையில்லைங்க" என்றால் எனக்குச் சந்தேகம்தான். உள்ளே கழுவ ஊற்றும் சோடியம் ஹைப்போகுளோரைட், சுருக்கமாகச் சொன்னால் ப்ளீச். ஷீட் இல்லாவிட்டால் அது தொண்டைக்கு இறங்கலாம், வாயிலிருக்கும் எச்சிலும் பல்லின் கால்வாய்க்குள் போகலாம். கால்வாயைச் சுரண்டும் ஊசி போன்ற குட்டி ஃபைல் கைநழுவி வயிற்றுக்குள் போவதும் உண்டு.

கீழ்க்கடைவாய்க்கு ஊசி போட்டால் அந்தப் பக்கத்து உதடு தடித்தாற்போல மரக்க வேண்டும். மரக்கவில்லையா, ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். உதடு மரத்தும் பல் சுளீரென்றால் அது உங்கள் பயமல்ல. வீங்கிய நரம்பில் மருந்து சரியாகப் பிடிக்காது. கூடுதல் ஊசி கேட்கலாம்.

கடைசியில் கலர் தாளைக் கடிக்கச் சொல்வார்கள். அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறதென்றால் அங்கேயே தேய்க்கச் சொல்லுங்கள். இல்லையேல் ஒவ்வொரு கடிக்கும் வலிக்கும்.

இரண்டு மூன்று நாள் லேசான வலி சகஜம். வீக்கமோ காய்ச்சலோ வந்தால் காத்திருக்காதீர்கள்.

வலி போனதும் பலர் கிரவுனை, அதாவது பல்லைக் காக்க மேலே மாட்டும் உறையை, மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் கடைவாய்ப் பல் வேர்வரை நெடுக்காகப் பிளந்தால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும்.