கே என்று ஒரு பதில்

நவம்பர் 3, திங்கள்

லண்டன் ஆஸ்பத்திரியில் நான் பார்க்க வரும் நோயாளியின் கட்டிலுக்கு மேலே வெள்ளைப் பலகையில் என்.பி.எம். என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நில் பை மவுத். வாய்வழியாக ஒன்றும் கூடாது. அமெரிக்க ஆஸ்பத்திரியில் இதையே என்.பி.ஓ. என்பார்கள், அது லத்தீன். மூன்று எழுத்தும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: வழக்கமான மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கலாமா? அதை நர்ஸிடம் வாய்விட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காமல் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு, கேட்காமல் ஒரு டம்ளர் குடித்துவிட்டு ஆபரேஷன் தள்ளிப்போகிறவர்களும் உண்டு.

"ஆப்ஸ்" என்றால் நாடி, பிரஷர், காய்ச்சல், மூச்சு, ஆக்சிஜன் பார்ப்பது. "பிளட்ஸ்" என்று பன்மையில் சொன்னால் ரத்தம் எடுக்கப்போகிறார்கள். எஃப்.பி.சி. என்று இங்கே லண்டனில் எழுதுவதுதான் அமெரிக்காவிலும் நம் ஊர் லேபிலும் சி.பி.சி. ஒரே பரிசோதனை, ரத்த அணுக்களை எண்ணுவது. இரண்டு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இரண்டு டெஸ்ட் என்று பயப்பட வேண்டாம்.

நவம்பர் 4, செவ்வாய்

போனில் நான் அனுப்பிய செய்திக்கு ஊரிலிருந்து பதில் வந்தது. "கே." ஓர் எழுத்து, ஒரு புள்ளி.

நவம்பர் 5, புதன்

அந்தப் புள்ளிதான் தூங்கவிடவில்லை.

ஓகே என்ற சொல்லே ஒரு விளையாட்டுச் சுருக்கம். 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் மார்னிங் போஸ்ட் பத்திரிகையில் அச்சானது. "ஆல் கரெக்ட்" என்பதை வேண்டுமென்றே பிழையாக ஓ-வும் கே-யும் போட்டு எழுதி, அதன் முதலெழுத்துகளை எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே இதே மாதிரி நிறைய இருந்தன. "ஆல் ரைட்"டைப் பிழையாக்கி ஓ.டபிள்யூ. என்று ஒன்று. எல்லாம் செத்துப்போயின. ஓகே மட்டும் பிழைத்ததற்குக் காரணம் மறு வருஷத் தேர்தல். அதில் நின்ற அமெரிக்க ஜனாதிபதி வான் பியூரனின் ஊர் கிண்டர்ஹுக். "ஓல்ட் கிண்டர்ஹுக்" என்று ஆதரவாளர்கள் கோஷம் போட, இரண்டு எழுத்தும் நாடெங்கும் பரவிவிட்டன.

இன்றைக்கு போனில் அதற்கு ஐந்து உருவம் இருக்கிறது, ஐந்தும் ஒன்றல்ல. "ஓகே" முழு எழுத்துகளில் வந்தால் நிதானம். பெரிய எழுத்து இரண்டு மட்டும் என்றால் வேலைப்பேச்சு. "கேகே" என்று இரட்டித்தால் சிநேகம், "சரி சரி" என்பது போல. ஒற்றைக் "கே" என்றால் அவசரம், இல்லையென்றால் கோபம். புள்ளி வைத்த "கே" என்றால் கதவைச் சாத்தியது போல. இளையவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கிறார்கள். 2015இல் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒற்றைச் சொல் பதிலில் முற்றுப்புள்ளி வைத்தால் மனசார எழுதியதாகத் தோன்றவில்லை என்றார்கள். அதே சொல்லைக் கையால் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தபோது புள்ளியால் ஒன்றும் ஆகவில்லை.

காரணம் எளிது. போன் செய்தியில் அனுப்பும் பொத்தானே முற்றுப்புள்ளி. அதற்கு மேலும் ஒன்று வைத்தால் வேண்டுமென்றே வைத்ததாகிறது. ஆனால் பள்ளியில் இலக்கணம் படித்து வளர்ந்தவர்களுக்குப் புள்ளி வைப்பது மரியாதை. அனுப்பியவருக்கு வயது என்ன என்று பார்க்காமல் புள்ளியைப் படிக்கக் கூடாது. அவருக்கு வயது 61.

நவம்பர் 7, வெள்ளி

இன்சுலின் அட்டையில் "யூனிட்ஸ்" என்று முழுசாக எழுதியிருந்தது. பார்த்ததும் நிம்மதி.

இந்த ஒரு சொல்லைச் சுருக்கக் கூடாது. 10க்குப் பக்கத்தில் யூ என்ற ஆங்கில எழுத்தை ஒட்டி எழுதுகிறோம். அவசரத்தில் மேல்வாய் மூடிக்கொண்டால் அது சுழி. 10 யூனிட் 100 ஆகிவிடும். சிலர் கையெழுத்தில் அது 4 போலவும் இருக்கும். அதனால்தான் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளின் தரம் பார்க்கும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் எழுதக் கூடாத சுருக்கங்கள் என்று ஒரு பட்டியலே போட்டது. இங்கிலாந்திலும் 2010இல் இன்சுலினுக்கு யூனிட் என்ற சொல்லை முழுதாக எழுதவேண்டும் என்று ஆணை வந்தது. அதே அமெரிக்கப் பட்டியலில் புள்ளிக்குப் பின்னால் வெறும் சுழி போடாதே என்றும் இருக்கிறது. 1.0 என்பதில் புள்ளி மங்கினால் 10. புள்ளிக்கு முன்னால் சுழி விடாதே. .5 என்பது 5 ஆகிவிடும். இங்கேயும் ஒரு புள்ளிதான்.

ஓ.டி. என்பது இன்னொன்று. இங்கே மருந்துச்சீட்டில் தினம் ஒரு வேளை. அமெரிக்கக் கண் டாக்டர் சீட்டில் வலது கண். தெருப்பேச்சில் அளவு மீறி மருந்தோ போதையோ எடுத்துவிட்டது. கடல்தாண்டி வந்த ரிப்போர்ட்டைப் படிக்கும்போது எந்த நாட்டுச் சீட்டு என்று முதலில் பாருங்கள்.

நவம்பர் 8, சனி

ஸ்கேன் இன்றும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பஸ் ஜன்னலில் உட்கார்ந்து பஸ் என்ற சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். லத்தீனில் ஆம்னிபஸ் என்றால் "எல்லாருக்கும்". பிரான்சிலிருந்து அந்தப் பெயர் வந்தது. 1829 ஜூலை 4 அன்று ஷில்லிபீர் என்பவர் லண்டனில் பேடிங்டனிலிருந்து பேங்க் என்ற பகுதி வரை குதிரை வண்டி ஓட்டத் தொடங்கினார். ஊர் அந்தப் பெயரின் தலையை வெட்டிவிட்டது. மிஞ்சியது வேற்றுமை உருபின் வால் மட்டும். "எல்லாருக்கும்" என்பதில் "எல்லாரு"வை வெட்டிவிட்டு, "க்கும் வருது, ஏறு" என்று நாம் சொன்னால் எப்படி இருக்கும்? அவர்கள் இருநூறு வருஷமாக அதைத்தான் சொல்கிறார்கள்.

வாலை வெட்டினால் எக்ஸாம், லேப், ஜிம், பப். தலையை வெட்டினால் போன், பிளேன், பஸ். இரண்டையும் வெட்டினால் ஃப்ளூ, ஃப்ரிட்ஜ். வெட்டிய பிறகு எழுத்துக்கூட்டல் ஒத்துழைக்காது. ரெஃப்ரிஜிரேட்டரில் டி கிடையாது, ஃப்ரிட்ஜில் உண்டு. அது இல்லாவிட்டால் வேறு மாதிரிப் படித்துவிடுவார்கள் என்று சேர்த்தது.

நவம்பர் 12, புதன்

பின் சீட்டில் பள்ளிப் பையன்கள். "அலவ் இட்" என்றான் ஒருவன். அகராதியைப் பார்த்தால் "அனுமதி" என்று தோன்றும். லண்டன் பையன் வாயில் அதற்கு "விட்டுடு, வேண்டாம்" என்று பொருள். "பீக்" என்றால் உச்சம் அல்ல, மோசம், பாவம். "லாங்" என்றால் நீளம் அல்ல, சலிப்பு, வீண் அலைச்சல். "சிக்" என்றால் பிரமாதம். வார்டுக்குள் மட்டும் அதற்குப் பழைய பொருள்.

இதில் பலவற்றுக்கு வேர் ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேச்சு. அமெரிக்கப் பக்கத்தில் "நோ கேப்", "பெட்", "ஸ்லே" எல்லாம் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து வந்தவை. "கேப்" என்றால் பொய், பெருமையடித்தல். "நோ கேப்" என்றால் "சத்தியமா". இவற்றையெல்லாம் "ஜென் ஸீ ஸ்லாங்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி, பெற்றோருக்கான எச்சரிக்கைப் பட்டியல் என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். கோபம் வருகிறது. ஒரு சமூகம் தலைமுறைகளாகப் பேசி உருவாக்கிய சொல்லை நேற்றைக்கு டிக்டாக்கில் முளைத்ததாக எழுதுவது திருட்டு. பட்டியலில் பாதி தப்பு வேறு.

"சஸ்" (சந்தேகத்துக்குரியது) என்ற சொல்லையும் 2020இல் ஒரு வீடியோ விளையாட்டோடு பிறந்ததாக எண்ணுகிறார்கள். இங்கே கறுப்பின இளைஞர்களைச் சந்தேகத்தின் பேரில் மட்டும் பிடித்துப்போன சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் "சஸ் லா". மூலம் 1824ஆம் வருஷச் சட்டம். அந்தப் பிரிவு 1981இல்தான் நீங்கியது. அடிபட்டவர்கள் வாயில் இருந்த சொல் அது.

நவம்பர் 14, வெள்ளி

மூன்று மணி நேரக் காத்திருப்பு. மனசு லேசாக இருக்க ஒரு சொல் கிடைத்தது.

"கேஷுவல்" என்பதை இளைஞர்கள் முதல் அசையோடு நிறுத்திவிடுகிறார்கள். "யூஷுவல்" என்பதையும். "வழக்கம்போல" என்று கடையில் டீ கேட்க "தி யூஷ்" போதும். வாயால் சொல்வது சுலபம், எழுதத்தான் முடியாது. அந்தக் கடைசி ஒலி ஆங்கிலத்தில் விஷன், ப்ளெஷர் போன்ற சொற்களின் நடுவில் வாழ்வது. சொல் முடிவில் நிற்க அதற்கென்று நிலையான எழுத்தே கிடையாது. ஆளுக்கொரு மாதிரி கூட்டிப் பார்க்கிறார்கள். சிலர் இஸட்-ஹெச் போடுகிறார்கள். நாமோ அந்த இரண்டு எழுத்தைத் தமிழின் ழகரத்துக்குக் கொடுத்திருக்கிறோம். அவர்கள் எழுதியதை நான் முதலில் "கேழ்" என்றுதான் படிப்பேன். ஒலி இருக்கிறது, எழுத்து இல்லை. கேட்டுப் பழகியவருக்குத்தான் அந்தச் சொல் திறக்கும்.

நவம்பர் 17, திங்கள்

மறுபடியும் "கே". இந்த முறை புள்ளி இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஓ.எம்.ஜி. (ஓ மை காட்) என்பது 1917இல் எழுதப்பட்டுவிட்டது. செப்டம்பர் 9 அன்று, ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஃபிஷர் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில், விரிவையும் பக்கத்திலேயே போட்டு. எல்.ஓ.எல். (லாஃபிங் அவுட் லௌட்) அப்படியல்ல. சிரிப்புப் பொருளில் அது 1980களின் கணினி உரையாடல்களில் வந்தது. அதற்கு முன்பே 1960இல் "சின்னஞ்சிறு கிழவி" என்ற பொருளில் அந்த மூன்று எழுத்து இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2011 மார்ச்சில் இரண்டையும் சேர்த்துக்கொண்டது.

இப்போது லோல் என்றால் சிரிப்பு அல்ல. வாக்கியத்தின் முனையை மழுக்குகிற வேலை. "லேட் ஆயிடுச்சு லோல்" என்பதில் சிரிக்கிறவர் யாருமில்லை, "கோவிச்சுக்காதே" என்று கெஞ்சல் இருக்கிறது. தமிழில் "ப்பா", "ம்மா", "டா" செய்கிற வேலை. "லாட்ஸ் ஆஃப் லவ்" என்று நினைத்து இதைக் கடைசியில் போடுகிறவர்கள் நிறைய. முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரனே சில சமயம் அப்படித்தான் கையெழுத்திட்டார் என்று 2012 விசாரணையில் வெளிவந்தது. இரங்கல் செய்தியில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் போட வேண்டாம். யாருக்கும் அந்த நேரத்தில் எந்தப் பொருள் என்று யோசிக்கத் தெம்பு இருக்காது.

நவம்பர் 21, வெள்ளி

சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்களுக்காக எண்ணிப் பார்த்தேன். பழைய பொத்தான் போன், ஒரு பொத்தானில் மூன்று நான்கு எழுத்து. "ஸீ யூ லேட்டர்" என்று முழுசாக எழுத: எஸ் வர 7ஐ நான்கு தடவை, இ வர 3ஐ இரண்டு தடவை, கொஞ்சம் நிறுத்தி மறுபடி இரண்டு தடவை. நிறுத்தாவிட்டால் வேறு எழுத்து வந்துவிடும். இடைவெளிகளையும் சேர்த்து 28 அழுத்தல். அதையே சி, யூ, ஓர் இடைவெளி, எல், 8, ஆர் என்று எழுதினால் 16. எட்டை நீட்டி அழுத்தினால் 13. கட்டைவிரல் கண்டுபிடித்த கணக்கு அது.

ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கிலத்துக்கு 160 இடம். தமிழுக்கு 70. "வணக்கம்" கண்ணுக்கு ஐந்து எழுத்து, இயந்திரத்துக்கு ஏழு. மெய்யின் புள்ளியைத் தனியாக எண்ணுகிறது. ஆகப் பத்து வணக்கத்தை ஒட்டி எழுதினால் இடம் தீர்ந்தது. 160 இடமும் நிரம்பிய ஆங்கிலச் செய்தியிலும் ஓர் எமோஜியோ, வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள்குறியோ நுழைந்தால் மொத்தச் செய்தியும் 70க்குச் சுருங்கி, ஒன்று மூன்றாக உடைந்து போகும். காசும் மூன்று மடங்கு.

நவம்பர் 22, சனி

ஆன் எம்.ஆர்.ஐ. ஆனால் எ ஸ்கேன். ஆன் எஸ்.எம்.எஸ். ஆனால் எ யூ.கே. விசா. எழுத்தைப் பார்க்காதே, வாயில் முதலில் வரும் ஒலியைக் கேள். இன்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

நவம்பர் 25, செவ்வாய்

ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

ஆக்ஸ்ஃபோர்டு 2025ஆம் வருஷச் சொல்லாக "ரேஜ் பெய்ட்" என்பதை எடுத்திருக்கிறது. கோபம் மூட்டிப் பார்வை சேர்ப்பது. 2023இல் "ரிஸ்", அதாவது வசீகரம். கேரிஸ்மாவின் தலையும் வாலும் போய் நடுத்துண்டு மட்டும். ஃப்ளூ போல.

டாக்டர் "போகலாம்" என்றார். வார்டில் "போகலாம்" என்றால் போகலாம் அல்ல. டி.டி.ஓ. வரவேண்டும். டு டேக் அவுட், வீட்டுக்கு எடுத்துப்போகும் மருந்து. சில ஆஸ்பத்திரிகளில் டி.டி.ஏ. என்பார்கள். டாக்டர் எழுத வேண்டும், மருந்தாளர் சரிபார்க்க வேண்டும், பிறகு கட்ட வேண்டும். மூன்றில் எங்கே நிற்கிறது என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். "எப்போது போகலாம்" என்று கேட்டால் "சீக்கிரம்" என்பார்கள்.

டிசம்பர் 3, புதன்

1992இல் இதே நாள்தான் உலகத்தின் முதல் எஸ்.எம்.எஸ். போனது, இதே இங்கிலாந்தில். நீல் பாப்வொர்த் என்ற இளைஞர் வோடஃபோனின் ரிச்சர்ட் ஜார்விஸுக்கு அனுப்பினார். போனில் தட்டச்ச வழியில்லாததால் கணினியிலிருந்து அனுப்பினார். ஜார்விஸால் பதில் எழுத முடியவில்லை, அந்தப் போனில் அந்த வசதி இல்லை. "மெர்ரி கிறிஸ்மஸ்" என்பதே செய்தி. ஆங்கிலத்தில் இடைவெளியோடு 15 இடம். ஓர் எழுத்தைக்கூடச் சுருக்கவில்லை.

நானும் ஊருக்கு எழுதி அனுப்பினேன், என்ன நடக்கிறது என்று. எம்.ஆர்.ஐ. மட்டும் அப்படியே இருந்தது. மற்ற எல்லாவற்றையும் விரித்து எழுதினேன்.

டிசம்பர் 4, வியாழன்

மருந்து மூன்று மணிக்கு என்றார்கள்.