முதுகு வலிக்கு சைக்காலஜிஸ்ட்டா? நான் ஆள் தேடி அலைஞ்ச கதை

"நீங்க ஒரு சைக்காலஜிஸ்ட்ட பாருங்க"ன்னு வலி கிளினிக் டாக்டர் சொன்னப்ப எனக்கு வந்துச்சே கோவம். ரெண்டு வருஷமா வலியில கெடக்குறேன், எம்.ஆர்.ஐ. படத்த கையில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன், இவங்க என்னடான்னா உனக்கு எல்லாம் தலையிலதான்னு சொல்லாம சொல்றாங்களேன்னு. வெளிய வந்து மருந்து நம்பருக்கு காத்திருந்தப்ப வீட்டுக்காரருக்கு போன் போட்டு அழுதேன், பக்கத்துல இருந்த ஒரு மக்சிக், மலாய்க்கார அம்மா, ஒண்ணும் கேக்காம டிஷ்யூ பாக்கெட்ட என் மடியில வெச்சுட்டு எந்திரிச்சு போயிட்டாங்க.

கதை என்னன்னா, 2021 தீபாவளிக்கு முந்தின வாரம் கேஎல் (கோலாலம்பூர்) செந்தூல்ல எங்க ப்ளாட்டு படிய யாரோ சோப்பு போட்டு கழுவி விட்டிருக்காங்க, நான் ரெண்டு கையிலயும் சாமானோட எறங்கி வந்து அப்படியே ஒக்காந்த வாக்குல நாலு படி. இடுப்புக்கிட்ட எல்4-எல்5 எலும்புக்கு நடுவுல டிஸ்க் பிதுங்கியிருக்குன்னாங்க, ஆபரேஷன் அவசியமில்ல, பிசியோ போதும்னாங்க. பிசியோ போனேன், ஊசி போட்டேன், காபாபென்டின்னு நரம்பு வலி மாத்திரை சாப்பிட்டேன், அதைச் சாப்பிட்டா காலையில ஆபீஸ்ல இன்வாய்ஸ் நம்பரே ரெண்டு ரெண்டா தெரியும். நடுவுல சின்செ (சீன வைத்தியர்), உருவுற தாத்தா, அம்மாவோட கோடாலி தைலம், நேர்த்திக்கடன், எதையும் விடல. எலும்பு டாக்டர் "டிஸ்க் நல்லா சுருங்கிருச்சு, இப்ப வலிக்கக் கூடாதே"ன்னு படத்த பாத்து சொல்றாரு, வலி எறங்குற என் இடது கால் மட்டும் அந்தப் படத்த பாக்கவே இல்ல போல.

அழுதுட்டு வந்தேன்ல, அடுத்த தடவ போறப்ப அதே வலி கிளினிக் டாக்டர்கிட்ட நேராவே கேட்டேன், என்ன பைத்தியம்னு நெனைக்கிறீங்களான்னு. அவங்க சிரிக்கல. உங்க வீட்டுல நாய் இருக்கான்னு கேட்டாங்க. இருக்குன்னேன். "ஒரு தடவ திருடன் வந்துட்டு போனா அப்புறம் தபால்காரன் வந்தாலும் குலைக்கும்ல, உங்க நரம்பு இப்ப அப்படி இருக்கு, குலைக்கிறது நெஜமான குலைப்புதான், ஆனா வாசல்ல திருடன் இல்ல"ன்னாங்க. மூணு மாசத்துக்கு மேல நீடிச்சாலே அத நாள்பட்ட வலின்னு தனி நோயா பாக்கணுமாம், தூக்கம் கெட்டுப் போறது, பயம், கோவம் இதெல்லாம் சேர்ந்து நாய இன்னும் உசுப்பி விடுமாம், அத அடக்க மாத்திரை மட்டும் பத்தாதாம். அப்பதான் எனக்கு கொஞ்சம் எறங்குச்சு.

சரி போறேன்னு முடிவு பண்ணியாச்சு. போறது எங்க?

அரசாங்க வழி மலிவு, ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குல ஒரு தடவைக்கு 5 வெள்ளி (ரிங்கிட்), அத கொற சொல்ல முடியாது. ஆனா சைக்காலஜி பிரிவுல எனக்கு கெடைச்ச தேதி அஞ்சு மாசம் தள்ளி. செலாயாங் ஆஸ்பத்திரியில 2002லேருந்து 'மெனாங்'னு ஒரு பயிற்சி நடத்துறாங்க, மலாய்ல ஜெயிக்கிறதுன்னு அர்த்தம், நாள்பட்ட வலிக்காரங்கள குழுவா ஒக்கார வெச்சு ரெண்டு வாரம் டாக்டர், பிசியோ, சைக்காலஜிஸ்ட்னு எல்லாரும் சேர்ந்து சொல்லிக் கொடுப்பாங்க. அதப் பத்தியும் டாக்டர் சொன்னாங்க. ரெண்டு வாரம் லீவு கேட்டா என் பாஸ் முகம் எப்படிப் போகும்னு எனக்கு தெரியும், ஏற்கனவே அந்த வருஷம் எம்.சி., அதான் மருத்துவ லீவு, எல்லாம் தீந்து போச்சு. கெடைக்கிறவங்க விட்றாதீங்க, நான் விட்டது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

அதனால தனியார்ல தேட ஆரம்பிச்சேன். கேஎல்ல ஒரு மணி நேரத்துக்கு எனக்கு சொன்ன வெல 150லேருந்து 300 வெள்ளி வரைக்கும்.

மொதல் ஆளு, ஒரு பெரிய கட்டடத்துல பதினோராவது மாடி, ஏசி, மெழுகுவத்தி வாசன, எல்லாம் அழகு. ஆனா ரூம்ல இருந்தது ஒரு சோபா. முதுகு வலிக்காரங்களுக்கு தெரியும் நான் எதச் சொல்றேன்னு, ஒக்காந்தா உள்ள முழுங்கிரும், முட்டி இடுப்ப விட ஒசரத்துல நிக்கும், எந்திரிக்க ஒரு ஆள் கை கொடுக்கணும். பத்தாவது நிமிஷம் கால்ல கரண்ட்டு அடிக்க ஆரம்பிச்சிருச்சு, நான் பல்ல கடிச்சுக்கிட்டு என் சின்ன வயசப் பத்தி பேசிக்கிட்டிருக்கேன், அந்தப் பொண்ணு தல ஆட்டி ஆட்டி எழுதுது. வலியப் பத்தி ஒரே ஒரு தடவதான் பேச்சு வந்துச்சு, "அத நெனைக்காம இருக்க முயற்சி பண்ணுங்க"ன்னு. கெட்ட பொண்ணு இல்ல, பாவம், வலி நோயாளிய அது பாத்ததே இல்லன்னு ரெண்டாவது தடவ அதுவே ஒத்துக்குச்சு. 500 வெள்ளி போச்சு, அதோட வந்த வழியெல்லாம் எல்.ஆர்.டி. ரயில்ல நின்னுக்கிட்டே.

ரெண்டாவது ஆளு சின்னம்மா கோயில்ல கேட்டு வாங்கிக் கொடுத்த நம்பரு. தமிழ் ஆளு. எனக்கு அதுதான் பெரிய ஆசையா இருந்துச்சு, ஏன்னா இங்கிலீஷ்ல எனக்கு 'பெயின்' ஒண்ணுதான் வரும், தமிழ்ல எத்தன இருக்கு, குத்துது, கடுக்குது, கொடையுது, உளையுது, எரியுது, சுள்ளுனு இழுக்குது, மதமதன்னு இருக்குது, இதெல்லாம் வேற வேறதானே. போயி ஒக்காந்தா (சாதா பிளாஸ்டிக் நாற்காலி, அதுக்கு மட்டும் கும்பிடு) மொத அஞ்சு நிமிஷம் எந்த ஊரு, யாரு மக, எந்த தோட்டத்துலேருந்து வந்தவங்கன்னு விசாரிச்சு, எங்க சின்னம்மாவ தெரியும்னு சந்தோஷப்பட்டு, அதுக்கப்புறம் நான் வாயத் தொறப்பேனா? என் மாமியா பத்தி நான் சொல்றது வெள்ளிக்கிழம பூசைக்குள்ள செந்தூல் பூரா சுத்திராதா? கடைசியில பாத்தா அவரு கவுன்சலரே இல்ல, 'மைண்ட் கோச்'. ஆறு தடவைக்கு 1,800 வெள்ளி பேக்கேஜ், ஒரு பாட்டில் எண்ணெய் இலவசம், "நம்பிக்கை வெச்சா 21 நாள்ல வலி ஓடிரும்மா". அம்மான்னு வேற. எண்ணெய் வீட்டுல நெறைய இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம்தான் புத்தி வந்து மொதல்ல பாத்திருக்க வேண்டியத பாத்தேன். கவுன்சலர்னா 1998ம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு, அதுபடி பதிஞ்சிருக்கணும், பேருக்குப் பின்னால கே.பி., பி.ஏ.ன்னு போட்டிருப்பாங்க, கே.பி.ன்னா 'கவுன்சலர் பெர்டாப்தார்', பதிவு பெத்த கவுன்சலர், பி.ஏ.ன்னா தொழில் செய்யிற சான்றிதழ். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கு வேற சட்டம், 2016ல வந்தது. நம்பர் கேளுங்க, நெஜமான ஆளு கோவப்படவே மாட்டாங்க. நான் கணக்கு கெராணி (கிளார்க்), எனக்கு இன்னொரு கண்ணும் உண்டு, மனநல ஆலோசனைச் செலவுக்கு வருமான வரியில 1,000 வெள்ளி வரைக்கும் கழிச்சுக்கலாம், ஆனா பதிவு பெத்த ஆளோட ரசீதா இருக்கணும். கோச் கொடுக்குற ரசீதுல முறுக்கு மடிக்கலாம்.

மூணாவது தடவ நேர்ல போறதுக்கு முன்னாடி வாட்சப்புலயே நாலு கேள்வி அனுப்பிச்சேன். நாள்பட்ட வலி உள்ளவங்கள பாத்திருக்கீங்களா, எந்த முறையில பாப்பீங்க, என் வலி கிளினிக் டாக்டரோட பேசுவீங்களா, பேசுறப்ப நான் எந்திரிச்சு நிக்கலாமா. ஏழு பேருக்கு அனுப்பிச்சேன். மூணு பேரு பதிலே இல்ல. ரெண்டு பேரு வெலய மட்டும் அனுப்பிச்சாங்க. ஒருத்தரு நான் வலி பாக்குறதில்லன்னு நேர்மையா சொல்லி இன்னொருத்தர் பேர கொடுத்தாரு, அந்த இன்னொருத்தர்தான் ஏழாவதா என் லிஸ்ட்லயே இருந்தவங்க, ஒரு மலாய்க்கார அக்கா, முன்னால ஆஸ்பத்திரியில வேல செஞ்சவங்க. நாலாவது கேள்விக்கு அவங்க பதில், "நிக்கலாம், நடக்கலாம், தரையில படுக்கலாம், பாய் இருக்கு."

பாய் இருக்குன்னு படிச்சதும் நான் அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன், உண்மையச் சொன்னா மத்த மூணு பதில ஒழுங்காக்கூட படிக்கல.

நான் தமிழ் ஆளுதான் வேணும்னு இருந்தேன்ல, இந்த அக்காவோட பேசுனது பூரா மலாய்லதான். நான் படிச்சது தமிழ்ப்பள்ளி, அப்புறம் எல்லாம் மலாய், பசார்ல, ஆபீஸ்ல, ஜாகாகிட்ட (வாட்ச்மேன்) பேசுறது எல்லாம் அதுதான், இங்கிலீஷ விட அது எனக்கு சரளம்னு அன்னைக்குதான் தெரிஞ்சுது. சக்கிட் மச்சாம் மானான்னு கேட்டாங்க, எப்படி வலிக்குதுன்னு. நான் முழிச்சேன். அவங்களே எடுத்துக் கொடுத்தாங்க, செங்கால்னா ஒடம்பு அசந்து கடுக்குற மாதிரி, ஙிலுன்னா பல்லு கூசுற மாதிரி. கால் ஙிலு, இடுப்பு செங்கால்னு சொன்னேன், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வர்றதுக்கு மலாய்ல வார்த்த இல்ல, தமிழ்ல உளைச்சல்னு சொல்வோம்னேன். மனசுக்கும் அதே வார்த்ததான், மன உளைச்சல்னு சொல்வோம்னும் சொன்னேன். அவங்க நோட்டுல ரூமி எழுத்துல, இங்கிலீஷ் எழுத்துதான், 'உளைச்சல்'னு எழுதி ரெண்டு தடவ அடிக்கோடு போட்டாங்க, அதுக்கப்புறம் ஒவ்வொரு வாரமும் "இந்த வாரம் உளைச்சல் எப்படி"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, ள வராது, உலைச்சல். உலை கொதிக்கிறதா நெனைச்சுக்குவேன், அதுவும் பொருத்தம்தான்.

என்ன பண்ணாங்கன்னு கேட்டா, பெரும்பாலும் கணக்கு. மொத வாரம் மனச்சோர்வு, பதட்டம், மன அழுத்தம் எவ்வளவுன்னு பாக்குற டாஸ்னு 21 கேள்வித் தாள், அதுல பதட்டம் எனக்கு நான் நெனைச்சத விட ஏறி நின்னுச்சு. அப்புறம் ஒரு வாரம் எத்தன நிமிஷம் ஒக்காந்தா வலி ஏறுதுன்னு எழுதச் சொன்னாங்க. 20, 11, 16, 14ன்னு வந்துச்சு. சராசரி எடுத்து அதுலயும் கொஞ்சம் கொறச்சு 12 நிமிஷம்னு வெச்சாங்க. வலிச்சாலும் வலிக்காட்டியும் 12 நிமிஷத்துல எந்திரிக்கணும், அதான் சட்டம். எனக்கு இதுலதான் பெரிய சண்ட. ஏன்னா நான் நல்ல நாள் வந்தா வீட்டையே பொரட்டிப் போட்டு கழுவுவேன், மூணு லோடு துணி, கோழிக்கறி, ஜன்னல், எல்லாம் ஒரே நாள்ல, அடுத்த மூணு நாள் கட்டில்ல. நல்ல நாள்ல நிறுத்தச் சொல்றது மோசமான நாள்ல எந்திரிக்கச் சொல்றத விட கஷ்டங்க. பாதி தேச்ச சட்டிய அப்படியே போட்டுட்டு டைமர் அடிச்சதும் போயி நிக்கிறப்ப எங்கம்மா பாத்த பார்வை இருக்கே.

எல்லாம் ஒத்து வரல. மூச்ச கவனிக்கிற பயிற்சி எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு, கண்ண மூடுனா கால் வலிதான் பெருசா தெரியுது, அத விட்டுட்டோம். ஏ.சி.டி.ன்னு ஒரு முறையாம், வலியோட சண்ட போடாம உனக்கு முக்கியமானத செய்யின்னு, அந்தப் பேச்சு ஆரம்பத்துல எனக்கு தோத்துட்டு உக்காருன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு, அதையும் அவங்ககிட்டயே சொல்லி ரெண்டு வாரம் அதுலயே போச்சு.

மொத்தம் ஒம்போது தடவ, தடவைக்கு 220, ஆக 1,980 வெள்ளி. கடைசி மூணு வீடியோ கால்ல, அதுவும் பாதி நேரம் நான் தரையில படுத்துக்கிட்டுதான். வீட்டுக்காரரு ரெண்டு மாசம் கிராப் ஆப்புல கூடுதலா வண்டி ஓட்டுனாரு அதுக்கு. வலி போச்சான்னு சின்னம்மா இன்னும் கேக்குது. பத்துக்கு ஏழுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன், இப்ப ஆறு, சில நாள் அஞ்சு. ராத்திரி அஞ்சு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்குறேன். ஒக்காருறது 12லேருந்து 25 நிமிஷத்துக்கு வந்திருக்கு, அதுக்கு மேல தியேட்டர் எல்லாம் நெனைக்கவே இல்ல.

அரசாங்க ஆஸ்பத்திரி தேதி அஞ்சு மாசம்னு சொன்னேன்ல, அது வர்ற புதன்கிழம. போகணுமான்னு அந்த அக்காகிட்ட கேட்டேன், 5 வெள்ளிக்கு கெடைக்கிறத விடாதீங்க, என் குறிப்ப எடுத்துட்டுப் போங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருக்காங்க, அதுல நடுவுல உளைச்சல்னு ரூமியில ஒரு வார்த்த, புதுசா பாக்குற ஆளுக்கு நான் வெளக்கணும். கார அங்க நிறுத்த முடியாது, காலையில ஏழு மணிக்கே வீட்டுக்காரரு எறக்கி விடுறேன்னு சொல்லியிருக்காரு.