சோளகத்தில் கைட் பார்த்த வாரம்

2025 ஜூலை 7, திங்கள்

பாலாவிச் சந்தியில் கற்பிட்டிப் பாதைக்குத் திரும்பியதுமே கண் காற்றாலைகளைத் தேடத் தொடங்கிவிடும். மாம்புரியில் எல்லாமே தென்மேற்கைப் பார்த்து முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. சோளகம், அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று, நன்றாகப் பிடித்துவிட்டது. இனி ஒக்டோபர் வரை கவலையில்லை.

இம்முறை கைட் சர்ஃபிங்குக்காக, அதாவது பெரிய காற்றாடி இழுக்கப் பலகையில் தண்ணீர்மேல் ஓடுவதற்காக, மட்டும் வரவில்லை. என் ஒன்பது மீட்டர் கைட்டின் துணி பழைய படுக்கை விரிப்பு மாதிரித் தொய்ந்துபோயிற்று. புதிதாக ஒன்று வேண்டும். பார் (கைட்டைச் செலுத்தும் கைப்பிடி) இல்லாமல் கைட் மட்டுமே ஐந்து இலட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. கேப் டவுனில் யாரோ 35 நொட் காற்றில் வானத்துக்குப் பாய்வதை யூடியூப்பில் பார்த்துவிட்டு, அதே கைட்டைக் கற்பிட்டிக்கு வரவழைக்கிறவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காற்றை யாரும் பெட்டியில் போட்டு அனுப்புவதில்லை.

அளவில் குழப்பமில்லை. உடல் எடையை 2.2 ஆல் பெருக்கி, காற்றின் நொட் வேகத்தால் வகுத்தால் சதுர மீட்டர் வரும். என் 74 கிலோவுக்கும் 18 நொட்டுக்கும் ஒன்பது. மட்டக் கணக்குத்தான், ஆனால் பெரிதாகப் பிழைக்காது. பிரச்சினை வடிவத்தில். நீளமாய் ஒடுங்கிய, ஐந்து ஸ்ட்ரட் (காற்றூதிய குறுக்கு விலா) உள்ள பாய்ச்சல் கைட்டா, மூன்று ஸ்ட்ரட் உள்ள துடிப்பானதா? இங்குள்ள கைட் பாடசாலையில் நோர்த் ஓர்பிட்டும் எஃப்-வன் பண்டிட்டும் ஒன்பதில் இருக்கின்றன. ஓர்பிட்டுக்கு ஐந்து, பண்டிட்டுக்கு மூன்று. கைட் வாங்கினால், டெமோவுக்கு (ஓட்டிப் பார்ப்பதற்கு) கொடுத்த வாடகையை விலையில் கழித்துக்கொள்வார்களாம்.

மனம் ஏற்கெனவே ஓர்பிட் பக்கம்தான் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

பதினொரு மணிக்குக் களப்பில் 17 நொட். முதலில் பண்டிட். பாரை இலேசாகத் திருப்பினாலே திரும்புகிறது, கைட் எங்கே நிற்கிறது என்று அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. இழுவை பாரிலேயே தெரிகிறது. கைட் லூப் போட்டால் சின்ன வட்டத்தில் சுற்றி உடனே மேலே வந்து நிற்கிறது. பாய்ச்சல் பரவாயில்லை, மேலே போன கையோடு இறங்குகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஓர்பிட். அது வேறு உலகம். காற்றுக்கு எதிரே ஏறும் கோணம் கூடுதல். ஓரிரு ஓட்டத்திலேயே மணல்திட்டின் மேல் முனைக்கு வந்துவிட்டேன். பாய்ந்தால் உச்சியில் சற்று மிதக்கவிட்டுத்தான் இறக்குகிறது. கைக்கடிகாரச் செயலி காட்டிய உயரம் காலையில் காட்டியதைவிட இரண்டு மீட்டருக்கு மேல் அதிகம். கரைக்கு வரும்போதே காசு கட்டும் மனநிலையில்தான் வந்தேன்.

பாடசாலை நானா பிளேன் டீயைக் கையில் தந்தபடி கேட்டார்: "காலையில காத்து எவ்வளவு தம்பி?"

"பதினேழு, நானா."

"இப்ப?"

காற்றுமானியைப் பிடித்துப் பார்த்தேன். 23.

"அப்ப எதுக்கு மார்க் போட்டீங்க? கைட்டுக்கா, காத்துக்கா?"

நியாயமான கேள்வி. இங்கே சோளகம் காலையில் தளர்ந்து தொடங்கும். தரை சூடேற ஏறி, பின்னேரம் இரண்டு மூன்று மணிக்கு உச்சத்தைத் தொடும். இரண்டாவதாக எடுக்கும் கைட்டுக்கு எப்போதும் அதிர்ஷ்டம். உடம்பும் அதற்குள் சூடாகியிருக்கும். டெமோ நாட்களில் கடைக்காரர்கள் விற்க வேண்டிய கைட்டைக் கடைசியில் கையில் தருவார்களோ என்று ஒரு சந்தேகமும் வந்து போனது.

ஜூலை 9, புதன்

வரிசையைத் திருப்பினேன். முதலில் ஓர்பிட், பிறகு பண்டிட், உச்சக் காற்றில் மறுபடி ஓர்பிட். இடையில் ஓய்வெடுக்காமல் கரையிலேயே மாற்றினோம். இரண்டையும் மானி பார்த்து எட்டு பிஎஸ்ஐக்கு ஊதினேன். அவசரத்தில் ஊதும் டெமோ கைட்டுகள் பெரும்பாலும் மெத்தென்றுதான் இருக்கும். முன்விளிம்புக் குழாய் மெத்தென்று இருந்தால் வேகமாகத் திருப்பும்போது கைட்டே நெளியும். பழி மொடலின் தலையில் விழும்.

இன்னொன்றையும் இன்றுதான் பார்த்தேன். இரண்டு பார்களின் லைன்களையும் (கைட்டோடு இணைக்கும் கயிறுகள்) பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் ஒன்று 24 மீட்டர், மற்றது 22. நீள லைனில் கைட் கூடுதல் தூரம் வீசி ஓடும், இழுவை சேரும், திரும்ப நேரம் எடுக்கும். 'பண்டிட் துடிப்பு' என்று நேற்று நான் மெச்சியதில் ஒரு பங்கு அந்தக் குட்டை லைனுக்குப் போக வேண்டியது. நானா எங்கேயோ போய் இரண்டு ஜோடி நீட்டு லைன் கொண்டுவந்து 22ஐ 24 ஆக்கினார். முன்லைன்கள் பிரியும் உயரமும் இரண்டு கைட்டுக்கும் ஒத்துவரும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொண்டோம். இதெல்லாம் கிறுக்குத்தனமாகப் பட்டால், விலைச்சீட்டை இன்னொருமுறை பார்க்கவும்.

முடிவு நேற்றையதைவிடச் சுவாரஸ்யம். உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டது. மிதப்பு மட்டும் உண்மை. அது காற்றால் வந்ததல்ல, ஒடுங்கிய நீள இறகுக்கே உரிய குணம். பண்டிட்டின் சுழற்சி வேகமும் உண்மைதான், நேற்று நினைத்த அளவுக்கு இல்லை.

ஜூலை 10, வியாழன், எசல போயா விடுமுறை

கொழும்பு முழுவதும் களப்பில். கரையில் கைட் விரிக்க இடமில்லை. நடுவில் கழுதைக் கூட்டம் ஒன்று லைன்களைத் தாண்டி ஆறுதலாக நடந்து போயிற்று. இங்கே முன்னுரிமை அவைக்குத்தான்.

நெருக்கடியில் ஒப்பிடுவது வீண் என்று விட்டுவிட்டேன். ஆனால் மூன்றாவது கைட் ஒன்றைச் சும்மா எடுத்துப் பார்த்தேன், பெயர் எழுதவில்லை. பாரை இழுத்தால் பின்னுக்கே சரிந்து விழுந்தது. திரும்பத் திரும்ப. இன்னொருவர் கரையிலிருந்து, "அது அப்பிடித்தான், வேஸ்ட்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நானா லைன்கள் நான்கின் முனையையும் ஒரு கம்பத்தில் கட்டி, பாரை உடம்போடு இழுத்துப் பிடிக்கச் சொன்னார். முன்லைன்கள் இரண்டும் தொய்ந்து நின்றன. சுமையின் பெரும்பகுதி முன்லைன்களில்தான். ஒரு பருவம் முழுக்க ஆட்கள் தொங்கினால் அவை நீண்டுவிடும். அப்போது பின்லைன்கள் ஒப்பீட்டில் கட்டையாகி, பாரை உள்ளே இழுத்ததும் கைட்டின் பின்விளிம்பை அளவுக்கு மீறி மடக்கிவிடும். கைட்டின் பின்முனைக் கயிற்றில் வெளியே தள்ளியிருக்கும் முடிச்சுக்கு இணைப்பை மாற்றினார். அதே கைட், அதே காற்று. ஒழுங்காக நின்றது.

வேஸ்ட் என்று சொன்னவர் அதற்குள் கொத்து சாப்பிடப் போய்விட்டார்.

ஜூலை 11, வெள்ளி

எதிர்பாராமல் காற்று இறங்கியது. பின்னேரம்வரை 13, 14. எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டார்கள். எனக்கு இதுவும் வேண்டும். மார்கழிக்குப் பிறகு வாடை வீசும்போது இங்கே பல நாட்கள் இப்படித்தான். அப்போதும் இதே கைட்டைத்தானே தூக்கப் போகிறேன்?

ஒன்பதில் இரண்டுமே இழுக்கத் திணறின, அது எதிர்பார்த்ததுதான். வேண்டுமென்றே இரண்டையும் தண்ணீரில் விழுத்தினேன். பிரான்ஸின் லெகனியூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமை எடுத்த காற்றூதும் கைட்டின் நோக்கமே தண்ணீரில் விழுந்தும் மறுபடி எழவேண்டும் என்பதுதான். மூன்று ஸ்ட்ரட் சட்டென்று புரண்டு எழுந்தது. ஐந்து ஸ்ட்ரட், பின்லைன் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக விளிம்புக்கு நகர்த்திய பிறகுதான் எழுந்தது. இரண்டு ஸ்ட்ரட் கூட இருந்தால் எடையும் கூடத்தானே.

ஜெர்மன்காரர் ஒருவர் தன் அலூலா கைட்டைச் சற்று நேரம் தந்தார். அலூலா என்பது கனடாவில் உருவாக்கிய மிக இலேசான பொலிஎத்திலீன் துணி; முன்விளிம்பில் வழக்கமான டேக்ரோன் துணிக்குப் பதிலாக வருகிறது. காற்று விழுந்தாலும் கைட் அசையாமல் வானில் நிற்கிறது. ஆசை வந்தது. விலையைக் கேட்டேன். சாதாரணத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆசை போனது. அந்த வித்தியாசத்துக்கு ஒரு பழைய 12 வாங்கி, வாடையில் ஓடலாம். 14 நொட்டில் இலேசான ஒன்பதைவிட டேக்ரோன் பன்னிரண்டுதான் என்னை இழுக்கும்.

ஆக, குறைந்த காற்றுக் கேள்வி இந்தப் போட்டியிலிருந்து கழன்றுவிட்டது. ஒன்பது எந்தக் காற்று வரை மேலே தாங்கும் என்பதே மிச்சம்.

ஜூலை 12, சனி

அதற்குப் பதில் இன்று கிடைத்தது. காலையிலேயே 20, பின்னேரம் இடைக்கிடை 27 என்று மானி காட்டியது. மச்சான் விடியவே கொழும்பிலிருந்து வந்துவிட்டான். இரண்டையும் ஆளுக்கொன்றாக எடுத்து, மணிக்கொருதரம் மாற்றிக்கொண்டோம். அவன் என்னைவிடப் பத்துக் கிலோ குறைவு.

காற்று 24ஐத் தாண்டியதும் பண்டிட்டில் என் பார் கடைசிவரை வெளியே போய்விட்டது. இழுவையைக் குறைக்கும் டிரிம் கயிற்றை இழுத்து இழுத்துக் குறைத்தேன். ஓடலாம்தான், ஆனால் அதிலேயே கவனம் முழுக்கப் போகிறது. ஓர்பிட்டில் அதே வீச்சு வந்தபோது கைட் காற்றின் விளிம்புக்கு முன்னே நகர்ந்து, இழுவையை விழுங்கிக்கொண்டு நின்றது. பாரை வெளியே விட்டால் உண்மையாகவே சக்தி குறைகிறது. நான் வாங்க நினைத்தது பாய்ச்சலுக்காக. வாங்கப் போவது இதற்காக: ஏழு மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்காமல் தப்பலாம்.

மச்சான் தலைகீழ். "டேய், இது லொறி மாதிரித் திரும்புது" என்று ஓர்பிட்டைத் திருப்பித் தந்துவிட்டு, பண்டிட்டோடு அலைப்பக்கம் போனவன் இருட்டும்வரை வரவில்லை. அவனுக்கு அலைதான் வேண்டும். அலையில் கைட் தன்பாட்டில் பின்தொடர்ந்து மிதந்து வரவேண்டும். அவனிடம் ஓர்பிட்டைப் புகழ்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நானாவிடம் கேட்டேன்: புதிதா, இந்த டெமோவேயா? டெமோ என்றால் மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறார், ஆனால் பருவம் முடிந்துதான் கையில் தருவாராம். அதுவரை இன்னும் பலபேர் தொங்குவார்கள். எனக்கு அது சரிவரவில்லை; இப்போதே தந்தால் எடுக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார்.

"சரி, வாப்பாட கடையில பழகின ஆள் மாதிரிக் கேக்குறீங்க. எடுங்க."

நேற்றிரவு ஊதி அறைக்குள் விட்டிருந்தேன். காலையில் முன்விளிம்பு கல் போலவே இருந்தது, ஐந்து ஸ்ட்ரட்டும் அப்படியே. துணியைக் காதருகே கசக்கினால் இன்னும் மொறுமொறுவென்ற சத்தம் வருகிறது. வெயில் தின்ற துணியில் அது வராது. பின்விளிம்பில் நூல் பிரியவில்லை. வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்ததில் ஊசித்துளை ஒன்று, வால்பக்கம். பசைத்துணி ஒட்டினால் போதும். கடிவாளக் கயிறுகளை இடம் வலம் ஒப்பிட்டு அளந்தோம், ஒரே அளவு. கயிற்றின் ஓரிடத்தில் மட்டும் உறை தேய்ந்திருந்தது. அந்தத் துண்டை நானா மாற்றித் தருவார்.

பார் என் பழையதுதான். முன்லைன்கள் அதிலும் நீண்டிருக்கும். புதன்கிழமை வங்கியில் காசு போட்டுவிட்டு, கம்பத்தில் கட்டிப் பார்க்க வேண்டும்.