பால் வடியும் நேரத்துத் தையல்

எங்கள் பாட்டி மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே தன் மர வரிசையான நிரைக்குப் போய்விடுவார். மரங்களைச் சீவி முடித்த பிறகு, மங்குகளில் பால் வடிந்து சேரும்வரை சிறிது நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில், இடுப்பில் செருகி வைத்திருந்த உள்ளங்கை அகலத் துணியை எடுத்து, ஒரு பூவின் இரண்டு இதழ்களையாவது போட்டுவிடுவார்.

அந்தத் தோட்டம் இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடாகிவிட்டது. டவுனில் குடியிருக்கும் நானும் அதே அளவுத் துணியில்தான் பூத்தையல் போடுகிறேன். தமிழ்ப்பள்ளி வாசலில் மகளுக்காகக் காத்திருக்கும் கால் மணி நேரத்தில் மேசை விரிப்பை எடுத்தால், விரித்து மடிப்பதற்குள் மணி அடித்துவிடும். துண்டுத் துணியென்றால் எடுத்தவுடன் ஊசியை ஓட்டலாம்.

தீபாவளி நெருங்கும்போது தையற்கடை அக்கா வெட்டுத் துண்டுகளைப் பை நிறையத் தருவார். ஆனாலும் என் மனம் பழைய கைலியிடம்தான் போகிறது. மலாய்க்காரர்கள் அதைக் 'காயின் பெலிக்காட்' என்பார்கள். சோழமண்டலக் கரையில் உள்ள நம் பழவேற்காட்டின் பெயர்தான் அப்படித் திரிந்து நிற்கிறது என்று அறிந்த நாளில், அந்தத் துண்டை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். பல வருடம் துவைத்த கைலியில் ஊசி தடையின்றி இறங்கும். கட்டக் கோடுகளைப் பார்த்தே தையலின் நீளத்தை ஒரே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

நூலை விரல் நுனியிலிருந்து முழங்கை வரையுள்ள நீளத்துக்கு மேல் வெட்டுவதில்லை, நீண்டால் தேய்ந்து முடிச்சு விழும். பூத்தையல் நூலில் 6 இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையாக உருவி, பின்பு இரண்டைச் சேர்த்துக் கோத்தால் தையல் படிந்து உட்காரும். துணியை இறுக்கிப் பிடிக்கும் தையல் வளையத்துக்குத் துண்டு சிறியதாக இருந்தால், பழைய படுக்கை விரிப்பின் நடுவில் அதை ஓட்டுத் தையலால் பிடித்து, அடியில் உள்ள விரிப்பை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு வளையத்தில் மாட்டுவேன்.

இரவுச் சந்தையில் வாங்கிய சிவப்பு நூலால் வெள்ளைத் துணியில் ஒரு செம்பருத்தி போட்டேன். முதல் துவையலிலேயே சாயம் இறங்கித் துணி முழுவதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. பத்து நாள் உழைப்பு என்பதால் அன்று மிகவும் வருந்தினேன். இப்போது எந்த நூலையும் வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்த பிறகே தொடுகிறேன்.

இப்போது கையில் இருப்பது பச்சைக் கட்டம் போட்ட கைலித் துண்டு. அதில் பால்மரத்து இலையைப் போடுகிறேன்; ஒரு காம்பில் மூன்று இலைகள். நரம்புகளுக்குக் காம்புத் தையல், விளிம்புக்குச் சங்கிலித் தையல். இரண்டு இலைகள் முடிந்துவிட்டன, மூன்றாவதற்கு நடுநரம்பு மட்டும் ஓடியிருக்கிறது. ஊசியை அதன் நுனியிலேயே குத்தி, மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.